கிரேன்காரர் பேசாத பதினோரு விநாடிகள்

அவள் உட்கார்ந்தால் முதலில் களைத்துப்போவது நாற்காலிதான். வலது கால் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். பேனா விரலுக்கு விரல் தாவும். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்துபோய், தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். பதினாறு வருஷம் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்தவள். "அம்மா, மேசை ஆடுது, கொஞ்சம் காலை நிறுத்துங்க" என்று ஒரு நீதிபதி விசாரணைக்கு நடுவிலேயே சொன்னதுண்டு. மூன்றாவது தடவையாக வேறு ஊருக்கு மாற்றல் போட்டபோது, ராஜினாமாக் கடிதத்தையும் அவளே பிழையில்லாமல் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

நாற்பத்தாறு வயதில் அவளுக்குக் கிடைத்த அடுத்த வேலை, கேட்பது.

கம்பியில்லாத் தொடர்பில் புதுசாக ஒன்றைச் சோதித்துப் பார்க்கிற கூடம் அது. சாதாரண வாக்கி-டாக்கி, பேசுகிறவர் குரலைப் பொடிப்பொடியாக்கி அப்படியே காற்றில் அனுப்பும். காற்றில் நெரிசல் இருந்தாலோ, நடுவில் இரும்புச் சுவர் நின்றாலோ, பாதி வழியில் சிந்திவிடும். கேட்கிறவருக்குக் கரகரப்புதான் மிஞ்சும். இந்தப் புது ஏற்பாட்டில் குரல் பயணமே போவதில்லை. அனுப்பும் பக்கத்துக் கருவி பேச்சைக் கேட்டு, ஆள் என்ன சொல்ல வருகிறார் என்று புரிந்துகொண்டு, அந்த அர்த்தத்தை மட்டும் சில எண்களாகச் சுருக்கி அனுப்பும். வாங்கும் பக்கத்துக் கருவிக்கு அந்த ஆளின் குரல் ஏற்கெனவே பழக்கம். எண்களை வாங்கி, அதே குரலில், வாக்கியத்தைப் புதிதாகப் பேசிவிடும். எவ்வளவு இரும்பு குறுக்கே நின்றாலும் பேச்சு பளிங்கு மாதிரி கேட்கும்.

அப்படிக் கேட்பது, சொன்னதுதானா? அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வேண்டியிருந்தார்கள். தடுப்புப் பலகைகளுக்கு நடுவே பன்னிரண்டு பேர். இடது காதில் அசல் பேச்சு, வலது காதில் கருவி பேசியது. முன்னால் மூன்று பொத்தான்கள்: 'ஒன்றே', 'கிட்டத்தட்ட', 'வேறு'. ஒரு நாளைக்கு அறுநூறு ஜோடி. மற்றவர்கள் மூன்று மணிக்கே முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்று அரட்டை அடிப்பார்கள். இவள் ஐந்தரை வரைக்கும் மல்லாடிக்கொண்டிருப்பாள். சேர்ந்த முதல் வாரத்தில் குறிப்புக் கட்டத்தில், 'இங்கே ஒரு கமா காணாமல் போயிருக்கிறது' என்று எழுதிவைத்தாள். அன்றிலிருந்து கூடம் முழுக்க அவளுக்குப் பெயர் கமா அக்கா.

அவளுக்கு ஒதுக்கியது சரக்குப் பெட்டிகள் அடுக்கிவைக்கும் ஒரு யார்டு. லாரி நீளத்துக்கு இரும்புப் பெட்டிகள், ஐந்தடுக்கு ஆறடுக்காக, வரிசை வரிசையாக. பழைய வாக்கி-டாக்கி அங்கே பாதி நேரம் கொர்ரென்றுதான் கத்தும். அதனால்தான் அந்த இடத்தைச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு குரல்கள் மட்டும். மேலே கேபினில் இருக்கும் கிரேன்காரர். கீழே பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வழிகாட்டும் சிக்னல்காரர். இருவரும் பழைய கருவியில்தான் பேசிக்கொண்டார்கள். புதுக் கருவி இடுப்பில் சும்மா தொங்கியபடி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. இன்னும் ஒன்பது நாளில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் கொடுப்பதாக ஏற்பாடு.

இரண்டு மாதத்தில் அந்தக் குரல்கள் அவளுக்கு வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிட்டன. கிரேன்காரர் கீழே இருப்பவரை "மாப்ள" என்பார். அவர் இவரை "மச்சான்" என்பார். கிரேன்காரரின் தங்கையைத்தான் சிக்னல்காரர் கட்டியிருக்கிறார் என்பது, ஒருநாள் பெட்டி இறக்குவதற்கு நடுவே யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று அவர்கள் சண்டை போட்டதில் தெரிந்தது. கருவி அந்தச் சண்டையையும் அர்த்தமாகச் சுருக்கி, 'குழாயைச் சரிசெய்ய வேண்டும்' என்று பேசிக் காட்டியது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தடுப்பிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

கடைசி மூன்று வாரமாகத்தான் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இடது காதில்: "ஆ... இரு... இறக்கலாம்... னு நினைக்கிறேன்."

வலது காதில்: "இறக்கலாம்."

விதிப்படி அது 'ஒன்றே'. அதே ஜோடியைக் கேட்ட மற்ற இரண்டு பேரும் அப்படித்தான் அழுத்தியிருந்தார்கள். அவள் 'வேறு' அழுத்தினாள். அடுத்ததிலும் 'வேறு'. அதற்கடுத்ததிலும்.

வியாழக்கிழமை தலைமைப் பொறியாளர் கூப்பிட்டனுப்பினாள். இவளைவிடப் பத்து வயது சின்னவள். நல்ல உயரம். டவர் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவளுக்கும் அது தெரியும்.

"அக்கா, மத்தவங்க மார்க்கோட உங்க மார்க்கு எழுபத்தொரு சதவீதம்தான் ஒத்துப்போகுது. போன மாசம் தொண்ணூத்தஞ்சு. என்னாச்சு?"

"மேடம், அந்த ஆள் தயங்குறார். மெஷின் தயங்க மாட்டேங்குது."

"தயக்கம் அர்த்தம் கிடையாதுக்கா. மூச்சு, இருமல், 'வந்து, போயி' எல்லாம் சத்தம். அதை வெட்டுறதாலதான் அனுப்புற எண்ணு இவ்வளவு மிச்சமாகுது."

"கோர்ட்ல சாட்சி பேசாம நின்னா அதையும் டைப் அடிப்போம் மேடம். 'சாட்சி பதில் சொல்லவில்லை'ன்னு. அந்த ஒரு வரியில கேஸே திரும்பினதை நான் பாத்திருக்கேன்."

"இது கோர்ட் இல்லையே."

"இல்லதான். கோர்ட்ல யார் தலைக்கு மேலயும் இருபது டன் தொங்காது."

டவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி அவளைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தால், கோபப்படவில்லை. "உங்க காது சொல்றதை நான் எங்கேயும் எழுத முடியாது. எண்ணிக்கை கொண்டுவாங்க. அந்தத் தயக்கத்தால கீழ இருக்கிறவர் ஏதாவது வேற மாதிரி செய்றாரா? செஞ்சா அது அர்த்தம். செய்யலைன்னா சத்தம்."

வீட்டுக்குப் போனவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். கணவர் பல் கட்டும் வேலை செய்பவர். ஜன்னலோர மேசையில் மெழுகில் பதித்த மேல்வரிசைப் பற்களை ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் முழுக்க ஆடாமல் அசையாமல் உட்கார அவரால் முடியும்.

"கொஞ்சம் உக்காரேன். நீ நடக்குற நடையில கோரைப்பல் ஆடுது."

"ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வீட்டுக்குப் போலாமா?"

கொஞ்ச நேரம் சுரண்டினார். "...ம். போலாம்."

"பாத்தீங்களா! இதைத்தான் அந்த மெஷின் 'போலாம்'னு சொல்லும். நானும் புடவை மாத்திக்கிட்டு நிப்பேன்."

"நீ எப்படியும் நிப்ப" என்றார் அவர், பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெள்ளிக்கிழமை அவள் அன்றைய அறுநூறைத் தொடவேயில்லை. மூன்று வாரப் பதிவுகளைத் தேதிவாரியாகத் திறந்து, கிரேன்காரர் ஒரு விநாடிக்கு மேல் நின்ற இடங்களையெல்லாம் தாளில் கோடு போட்டாள். நாற்பத்து மூன்று. அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் இரண்டே இரண்டு. பிறகு ஒவ்வொன்றுக்கும் அடுத்து கீழே இருப்பவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். நாற்பத்து மூன்றிலும் ஒரே மாதிரி. "இருங்க மச்சான், நான் பாக்குறேன்." பிறகு ஓடுகிற காலடிச் சத்தம். பிறகு, "இன்னும் ரெண்டடி... ஒரு அடி... அரை... விடுங்க."

பத்தொன்பதாம் தேதி, மூன்றாவது வரிசை. அங்கே கிரேன்காரர் பேசவே இல்லை. அவள் கடிகாரத்தை வைத்து எண்ணினாள். பதினோரு விநாடி. வலது காதில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒரு துளி இடைவெளிகூட விடாமல் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது.

கேள்வி இப்போது மெஷினைப் பற்றியது மட்டுமல்ல. அந்த மனிதருக்கு ஏதோ ஆகியிருக்கிறது. கீழே இருப்பவர் அதை ஓடி ஓடி மூடிக்கொண்டிருக்கிறார். தாளை டவரிடம் நீட்டினால் மெஷினைத் திருத்துவார்கள். கூடவே அந்த ஆளின் வேலையும் போகும். நீட்டாவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க அவளால் முடியவில்லை. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

கேட்பவர்கள் யார்டுக்குப் போகக் கூடாது, பேசுகிறவர்களைச் சந்திக்கக் கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சனிக்கிழமை அரை நாள் லீவு. மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் யார்டின் கம்பி வேலியோரம் நின்றாள்.

வேலியை ஒட்டி ஒரு டீ வண்டி. ஆரஞ்சு நிற மேல்சட்டையும் ஹெல்மெட்டுமாக, இடுப்பில் இரண்டு கருவிகள் தொங்க, ஒருவர் வேலி ஓட்டை வழியாக டீ வாங்கிக்கொண்டிருந்தார். "சக்கரை கம்மி" என்று அவர் சொன்னதுமே அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது.

"அண்ணே, உங்க வீட்டுக் குழாய் சரியாயிடுச்சா?"

அவர் கையில் டீ அப்படியே நின்றது. "நீங்க யாரும்மா?"

அவள் சொன்னாள். மூச்சுவிடாமல், முன்னும் பின்னுமாக, எல்லாவற்றையும். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது.

"அப்ப எங்க பேச்சையெல்லாம் உக்காந்து கேக்குறீங்க."

"ஆமாண்ணே. அதுதான் வேலை. தப்புன்னா தப்புதான். அவருக்கு என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. வயசாகுது. எல்லாருக்கும் ஆகும்." டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றினார். "இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ். நான் கீழ நிக்குற வரைக்கும் ஒண்ணும் நடக்காது. அவர் குரல் இழுத்தா எனக்குத் தெரியும். நான் ஓடிடுவேன்."

"அடுத்த வாரம் புதுசு வந்ததும் அது இழுக்காதுண்ணே."

"எது?"

"குரல்."

அவருக்குப் புரியவில்லை. புது செட்டு தெளிவாகக் கேட்கும் என்று மட்டும்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் அவர் இடுப்பைக் காட்டினாள். "அந்தப் புதுசுல சத்தத்தைத் திறந்து வையுங்க. பழையதுல ஏதாவது கேளுங்க. ரெண்டையும் கேட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க."

வேலியிலிருந்து பார்த்தாலே ஏழாவது வரிசை தெரிந்தது. உச்சியில் ஒரு நீலப் பெட்டி, கீழ்ப்பெட்டியின் ஓரத்தைவிட்டு ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிக்னல்காரர் அதைப் பார்த்தார். பழைய செட்டை வாயருகே தூக்கினார்.

"மச்சான், ஏழாவது வரிசையில அந்த நீலப் பெட்டி நேரா உக்காந்திருக்கா?"

பழைய கருவி கரகரத்தது. "அது... இரு மாப்ள... நேரா... நேராத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்."

கிட்டத்தட்ட அதே நேரத்தில் புதுக் கருவி பேசியது. அதே குரல். ஆனால் முப்பது வயதுக்காரனின் நிச்சயத்தோடு: "நேராத்தான் இருக்கு."

சிக்னல்காரர் இரண்டு கருவிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது அவர் சொல்லலியே" என்றார். "அவர் இப்படிச் சொல்லவே இல்லையே."

மூன்று மணிக்கு ஷிப்ட் மாறியது. கிரேன்காரர் ஏணிப்படியில் இறங்கி வந்தார். குரலை வைத்து அவள் பெரிய ஆளாகக் கற்பனை செய்திருந்தாள். வந்தவர் அவள் தோள் உயரம். சட்டை மடிப்புக் கலையாமல், தலை ஒழுங்காகச் சீவி. மாப்பிள்ளை காதோரம் சொன்னதைக் கேட்டதும் நேராக வேலியிடம் வந்தார்.

"என் பேச்சைக் கேக்க உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?"

"நீங்க கையெழுத்துப் போட்டிருப்பீங்க சார். நானும் போட்டிருக்கேன்."

"எனக்குத் தொண்டை செருமுற பழக்கம். அதுக்கு ஒரு வழக்கா?"

வாக்குவாதம் செய்யத்தான் அவள் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு. "பத்தொம்பதாம் தேதி, மூணாவது வரிசை. நீங்க பதினோரு செகண்டு பேசல."

அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு லாரி போனது.

"பதினொண்ணா?" என்றார் கடைசியில். "எனக்கு அரை மணி மாதிரி இருந்துச்சு. ரெண்டு பெட்டி தெரிஞ்சுது. எது நிஜம்னு தெரியல."

"ரெண்டு பெட்டியா?" மாப்பிள்ளையின் குரல் உயர்ந்தது. "மங்கலா தெரியுதுன்னுதானே மச்சான் சொன்னீங்க? நான் கீழ நின்னேனே! ரெண்டு பெட்டிக்கும் கீழ நான்தானே நின்னேன்!"

கிரேன்காரர் சைக்கிளை எடுத்து, ஏறாமல் தள்ளிக்கொண்டே போய்விட்டார். மாப்பிள்ளை அவர் பின்னால் போகவில்லை. வேலியோரம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அவள் டவரிடம் தாளை நீட்டினாள். நாற்பத்து மூன்று கோடுகள், எதிரில் நாற்பத்து மூன்று ஓட்டங்கள். வேலிக்குப் போனதையும் சொன்னாள். மறைத்துப் பழக்கமில்லை. ரெட்டையாகத் தெரிகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

டவர் தாளை இரண்டு முறை படித்தாள். "உங்களை இன்னிக்கே அனுப்பணும். ஒப்பந்தத்துல ரெண்டு விதியை மீறியிருக்கீங்க." எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "புது செட்டை ஒண்ணாம் தேதி கொடுக்கப் போறதில்ல. அதை நான் பாத்துக்குறேன். ஆனா இந்த எண்ணிக்கை அந்த ஆளைப் பத்தியும் ஏதோ சொல்லுதே அக்கா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க மேடம். அவரே போய்ச் சொல்லிடுவார்."

"போகலைன்னா?"

"நான் போய்ச் சொல்றேன்."

அந்த நாலு நாள் அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் பேருக்குத்தான். தினமும் காலையில் முந்தின நாள் பதிவுகள் வரும். வந்ததும் அவற்றை விழுங்குகிற மாதிரி கேட்பாள். திங்கட்கிழமைப் பதிவில் ஆறு தயக்கம். ஒவ்வொன்றிலும் மாப்பிள்ளையின் ஓட்டம் முன்னைவிட வேகம். "மச்சான்" என்ற வார்த்தையே இல்லை. செவ்வாய்க்கிழமைப் பதிவில் நாலு விநாடி மௌனம் ஒன்று. அதைக் கேட்டபோது பொத்தானை அழுத்தாமல் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது ஏதாவது ஆகிவிட்டால் பழி யாருக்கு? அவருக்கா, மாப்பிள்ளைக்கா, வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேட்டு வாங்கிய எனக்கா? வீட்டில் கணவர் அவள் நடக்கிற வழியிலிருந்த முக்காலியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

வியாழக்கிழமை காலை. இடது காதில் மேலேயிருந்து வந்தது ஒரு பெண் குரல். "அஞ்சாவது வரிசை, ரெடியா?"

அவள் ஹெட்போனோடு எழுந்துவிட்டாள். வயர் இழுத்து மேசைத் தண்ணீர் பாட்டில் உருண்டது.

அவரே போயிருந்தார். புதன்கிழமை காலை ஷிப்டுக்கு வந்து, ஏணியில் இரண்டு படி ஏறி, இறங்கி, நேராக மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். பிறகு சிக்னல்காரர் டீ வண்டியோரம் சொல்லித்தான் இது அவளுக்குத் தெரிந்தது. கண்ணில் புரை வளர்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். ரெட்டையாகத் தெரிவதும் நின்றது. ஆனால் தூரம் கணிக்கிற சோதனையில் அவர் இரண்டு முறை தேறவில்லை. கேபினுக்கு மறுபடி போக முடியவில்லை. யார்டு வாசலில், உள்ளே வரும் லாரிகளின் எண்ணைக் குறித்துக்கொள்கிற வேலை கொடுத்தார்கள்.

புதுக் கருவி ஐந்து வாரம் தள்ளிப்போனது. டவரின் ஆட்கள், பேசுகிறவர் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார், எவ்வளவு நிச்சயமில்லாமல் சொல்கிறார் என்பதையும் அர்த்தத்தோடு சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். கூடுதலாக இரண்டே எண்கள்தான் தேவைப்பட்டன. "ரெண்டு எண்ணுக்கு இவ்வளவு ரகளை" என்று டவர் அலுத்துக்கொண்டாள். அதற்கான விதிகளை எழுத அவளையே இருக்கச் சொன்னாள். ஆரம்பத்தில் புதுக் கிரேன்காரிக்குத் தும்மல் வந்தால்கூடக் கீழே கருவியில் தயக்கத்தைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. சிக்னல்காரர் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே திரும்பினார். எது தயக்கம், எது தும்மல் என்று பிரித்து எழுத அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது.

அந்த வேலை முடிகிற வாரத்தில் ஒருநாள் அவள் யார்டு வாசலுக்குப் போனாள். இந்தத் தடவை முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு. கிரேன்காரர் கூண்டு மாதிரி ஒரு சின்ன அறையில், கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளை அடையாளம் தெரிந்தது.

"உங்க மேல கோவம் போகல" என்றார், எடுத்த எடுப்பிலேயே.

"சரிங்க சார்."

"மாப்ள இப்ப பேசுறான். வீட்டுக்கு வர்றான். அது வேற." லாரிச் சீட்டுகளைத் தட்டி அடுக்கினார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் முதல்ல பேசினதெல்லாம் உங்ககிட்ட இருக்குமா? அந்த மூணு வாரத்துக்கு முன்னாடி. இழுக்காம பேசினது."

"இல்ல சார். சோதனை முடிஞ்சதும் அழிச்சிடணும்னு விதி. போன மாசமே அழிச்சிட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். "அந்த மெஷினுக்கு என் குரல் தெரியும்னு மாப்ள சொன்னானே. அது?"

"அதையும்தான் சார்."

வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி, பெட்டியின் மேலிருந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்து எழுதத் தொடங்கினார். அவள் அது முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.